மேனர் யாருக்குப் போகும்? இடைக்கால இங்கிலாந்தின் நில வாரிசுரிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1066-க்கும் 1660-க்கும் இடைப்பட்ட இங்கிலாந்தில் ஒரு மேனர் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போனது, நடுவில் அரசர் எங்கே கைவைத்தார் என்பதே இங்குப் பேசப்படுவது. ‘மூத்த மகனுக்கே எல்லாம்’ என்ற ஒரு வரியோடு பலரும் இந்த விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். ஒரு குடும்பம் தப்பித்ததா தடுமாறியதா என்பதைத் தீர்மானித்தவை வேறு இரண்டு: அந்த நிலம் யாரிடமிருந்து பெறப்பட்டது? தந்தை இறந்த அன்று பிள்ளைக்கு என்ன வயது?

மேனர் என்பது ஒரு கிராமமா?

இல்லை. கிராமம் மக்கள் குடியிருக்கும் இடம். மேனர் ஒரு பிரபுவுக்குரிய உரிமைகளின் கட்டு. சில ஊர்களில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பல ஊர்களில் ஒரே கிராமம் இரண்டு மூன்று மேனர்களுக்குப் பிரிந்து கிடந்தது. பிரபு தன் கணக்கில் சாகுபடி செய்த சொந்தப் பண்ணை நிலம், பணமாகக் குத்தகை கட்டிய சுதந்திரக் குடிகள், வாரத்தில் சில நாள் பிரபுவின் வயலில் இறங்கியே ஆக வேண்டிய ‘வில்லன்’ குடிகள் (இந்தச் சொல்லுக்கு அன்று பண்ணைக்குடி என்றுதான் பொருள்), மாவு ஆலை, மீன்குளம், காடு, மேய்ச்சல், மேனர் நீதிமன்றத்தில் விழும் அபராதம் எல்லாம் சேர்ந்ததுதான் மேனர். வாரிசுக்குப் போனது மண் மட்டுமல்ல, இந்த வருமானங்கள் அத்தனையும்.

அப்படியானால் நிலத்துக்குச் சொந்தக்காரர் யார்?

1066-இன் நார்மன் வெற்றிக்குப் பிறகு, சட்டத்தின் பார்வையில், அரசர் ஒருவரே. மற்ற எல்லோரும் யாரோ ஒருவரிடமிருந்து, ஏதோ ஒரு கடமைக்கு ஈடாக நிலத்தைப் பெற்று அனுபவித்தவர்கள். 1086-இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கு ஒவ்வொரு கவுன்டியிலும் (மாவட்டம் போன்ற பிரிவு) முதலில் அரசரின் நிலத்தையும், அடுத்து அவரிடமிருந்து நேரே பெற்றவர்களின் நிலத்தையும் பெயர்வாரியாக அடுக்குகிறது. இவர்களை நேரடி மானியதாரர்கள் என்று சொல்வோம். அவர்களிடமிருந்து பெற்ற கீழ் மானியதாரர்கள், அவர்களுக்கும் கீழே இன்னொரு படி என்று ஏணி இறங்கியது.

கடமையின் வகை மிக முக்கியம். நைட் சேவை என்றால் ஆயுதம் தரித்த குதிரைவீரரை வழக்கமாக ஆண்டுக்கு 40 நாள் அனுப்ப வேண்டும். அதற்குப் பதிலாகப் பணம் வாங்குவதும் விரைவில் வழக்கமாயிற்று. ஜான் அரசர் 1214-இல் ஒரு நைட் மானியத்துக்கு, அதாவது ஒரு குதிரைவீரரை அனுப்பும் கடமைக்கு ஈடான நிலத்துக்கு, 3 மார்க் கேட்டார் (ஒரு மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்னி). சாக்கேஜ் என்பது நிர்ணயித்த வாடகைக்கோ வேலைக்கோ பெற்ற நிலம். திருச்சபை நிலங்களில் பலவற்றுக்குப் பிரார்த்தனையே கடமை. இவற்றுள் வாரிசைக் கசக்கிப் பிழிந்தது நைட் சேவைதான். காரணம் பின்னால் வருகிறது.

தந்தை இறந்ததும் மகன் நேராகப் போய் மேனரில் உட்கார்ந்துகொள்ள முடியாதா?

கீழ் மானியதாரரின் வயது வந்த மகன் உட்காரலாம். மேல் பிரபு தடுத்தால் 1176 முதல் அவனுக்கு அரச நீதிமன்றத்தில் ஒரு வழி இருந்தது. 12 பேர் கொண்ட ஜூரியிடம் மூன்றே கேள்விகள்: இறந்தவர் இறந்த அன்று நிலத்தை அனுபோகத்தில் வைத்திருந்தாரா? வழக்குத் தொடுக்க வரம்பாகக் குறித்த நாளுக்குப் பிறகுதான் இறந்தாரா? வந்திருப்பவர் அடுத்த வாரிசா? மூன்றுக்கும் ஆம் என்றால் நிலம் கைக்கு வரும். இரண்டாம் ஹென்றி காலத்து இந்த எளிய நடைமுறைதான் வாரிசுரிமையைப் பிரபுவின் தயவிலிருந்து பிரித்தெடுத்தது என்று துணிந்து சொல்லலாம்.

நேரடி மானியதாரரின் மகனுக்கு இந்தச் சலுகை இல்லை. அவன் அரசரின் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். மரணச் செய்தி எட்டியதும் சான்சரி, அதாவது அரசரின் ஆணைகளை எழுதும் அலுவலகம், ஒரு ஆணை எழுதும். அதன் தொடக்க லத்தீன் சொற்களுக்கு ‘தன் இறுதி நாளை முடித்துக்கொண்டார்’ என்று பொருள். ஆணை போவது எஸ்கீட்டர் என்ற அலுவலருக்கு. ட்ரென்ட் நதிக்கு வடக்கே ஒருவர், தெற்கே ஒருவர் என்று நீண்டகாலம் இருந்து, பிறகு கவுன்டிகள் வாரியாக நியமிக்கப்பட்டவர் இவர். இறந்தவரின் நிலத்தை அவர் முதலில் அரசர் பெயரில் கைப்பற்றுவார். பிறகு உள்ளூர் ஆட்கள் 12 பேரையோ கூடுதலாகவோ அழைத்துச் சத்தியம் வாங்கி விசாரிப்பார்: என்னென்ன நிலம், யாரிடமிருந்து பெற்றது, எந்தக் கடமைக்கு, ஆண்டு மதிப்பு எவ்வளவு, எந்த நாளில் இறந்தார், அடுத்த வாரிசு யார், வயது என்ன. ஜூரிகள் முத்திரையிட்ட அந்தத் தோல் ஏடு சான்சரிக்குத் திரும்பும். பல கவுன்டிகளில் நிலம் இருந்தால் கவுன்டிக்கு ஒரு விசாரணை. வாரிசு வயது வந்தவர் என்றால் அரசரிடம் விசுவாசப் பிரமாணம் செய்து, பணம் கட்டி, ‘நிலத்தை விடுவி’ என்று எஸ்கீட்டருக்கு இன்னோர் ஆணை வாங்கி வர வேண்டும். அதுவரை விளைச்சல் அரசருக்கு.

எவ்வளவு கட்ட வேண்டியிருந்தது?

‘ரிலீஃப்’ எனப்பட்ட வாரிசேற்புப் பணம் ஒரு நைட் மானியத்துக்கு 100 ஷில்லிங், அதாவது 5 பவுண்டு. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இது வழக்கமாகிவிட்டது. ஆனால் பாரனின் (அரசரிடமிருந்து பெரும் நிலத்தொகுப்பு பெற்ற பிரபுவின்) நிலத்துக்கு வரம்பே இல்லை. அரசர் கேட்டதுதான் கணக்கு. 1205-இல் நிக்கோலஸ் டி ஸ்டூட்வில் என்பவரிடம் ஜான் 10,000 மார்க் கேட்டார். ஒரு குடும்பத்தைத் தலைமுறைக் கடனில் தள்ளும் தொகை அது. ஜான் ஏற்க நேர்ந்த 1215-இன் உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டா மிக முன்னதாகவே, இரண்டாவது பிரிவிலேயே, பாரனுக்கு 100 பவுண்டு என்று வரம்பு கட்டியதற்கு இதுதான் பின்னணி. 1297-இல் உறுதிசெய்யப்பட்ட வாசகத்தில் பாரனுக்கு அது 100 மார்க்காகக் குறைந்திருக்கிறது.

இதற்கு மேல், நேரடி மானியதாரரின் வயது வந்த வாரிசிடம் ‘முதல் அனுபோகம்’ என்ற பெயரில் அரசர் எடுத்துக்கொண்டது, காலப்போக்கில் ஏறத்தாழ ஓராண்டு வருமானம் என்று நிலைபெற்றது.

வாரிசு சிறு பிள்ளையாக இருந்தால்?

இந்தப் பக்கத்திலேயே கனமான கேள்வி இதுதான். நைட் சேவை நிலத்தின் ஆண் வாரிசு 21 வயது ஆகும்வரை நிலம் மேல் பிரபுவின் காப்பில் போகும். குழந்தையால் போருக்குப் போக முடியாது, ஆகவே அந்த வருமானம் கடமையைப் பெற வேண்டியவருக்கு என்பது வாதம். பெண் வாரிசு மணமாகாதவளாக இருந்தால் 14 வயது. 1275-இன் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அதை மேலும் இரண்டாண்டு நீட்ட இடம் தந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் கொடுமை விளங்கும். ஆண்டுக்கு 20 பவுண்டு தரும், ஒரு நைட் மானியமாக அரசரிடமிருந்து பெற்ற மேனர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாரிசுக்கு 25 வயது என்றால் 5 பவுண்டு வாரிசேற்புப் பணமும் ஓராண்டு வருமானமும், ஆகச் சுமார் 25 பவுண்டோடு முடிந்தது. அதே வாரிசுக்கு 6 வயது என்றால் 15 ஆண்டுகளின் வருமானம் 300 பவுண்டு. அதில் விதவையின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 200 பவுண்டு குடும்பத்துக்கு வெளியே போய்விட்டது. வயது வந்ததும் மறுபடி ரிலீஃப் கேட்கக் கூடாது என்று மாக்னா கார்ட்டாவின் மூன்றாவது பிரிவு தடுத்தது. அது ஒன்றுதான் ஆறுதல்.

நிலத்தோடு பிள்ளையும் போனது. பிள்ளையின் உடல் மீதான காப்பும், அதன் திருமணத்தை முடிவுசெய்யும் உரிமையும் தனித்தனிச் சொத்துகள். அரசர் இவற்றை விற்றார், பரிசாகக் கொடுத்தார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். தாய் தன் சொந்தப் பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள ஏலத்தில் நிற்பதுபோல் பணம் கட்ட வேண்டியிருந்தது. தகுதிக் குறைவான இடத்தில் மணம் முடிக்கக் கூடாது என்பது விதி. தகுதியான வரனை மறுத்தால் அந்தத் திருமணத்தின் சந்தை மதிப்பைப் பிள்ளை கட்ட வேண்டும். அனுமதியில்லாமல் வேறு மணம் செய்துகொண்டால், 1236-இன் மெர்ட்டன் சட்டப்படி, இரட்டிப்பு மதிப்பு தீரும்வரை பிரபு நிலத்தை விடமாட்டார்.

சாக்கேஜ் நிலத்தில் இந்தத் துன்பம் இல்லை. அங்கே காப்பாளர் நெருங்கிய உறவினர்; அதுவும், பிள்ளை இறந்தால் நிலம் யாருக்குப் போகாதோ அவர் தரப்பிலிருந்து. தந்தைவழியில் வந்த நிலமானால் தாய் அல்லது தாய்வழி உறவு. 14 வயதில் காப்பு முடியும், கணக்கும் ஒப்படைக்க வேண்டும். இந்த விதியின் நியாயம் மனத்துக்கு எவ்வளவு நெருக்கமானது!

அரசரிடமிருந்து ஒரு சிறு துண்டுதான் பெற்றிருக்கிறோம், மற்ற மேனர்கள் எல்லாம் வேறு பிரபுக்களிடமிருந்து. அப்போதுமா?

அப்போதும்தான். நைட் சேவைக்காக அரசரிடமிருந்து நேரே பெற்றது ஓர் ஏக்கர் ஆனாலும், சிறு வாரிசின் எல்லா மேனர்களும் அரசரின் காப்பில் போகும். மற்ற பிரபுக்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். பிள்ளையின் திருமண உரிமையும் அரசருக்கே. இதை ‘அரச தனியுரிமைக் காப்பு’ என்பார்கள். விதிவிலக்கும் உண்டு: ஒரு பாரனின் தொகுப்பு நிலம் வாரிசில்லாமல் அரசர் கைக்கு வந்திருந்து, அதன் பகுதியாக மட்டுமே ஒருவர் நிலம் வைத்திருந்தால் இந்த உரிமை செல்லாது.

இதனால்தான் விசாரணை ஏடுகளில் ‘யாரிடமிருந்து பெற்றது’ என்ற வரிக்கு அவ்வளவு சண்டை. தவறாக ‘அரசரிடமிருந்து’ என்று ஜூரி சொல்லிவிட்டால் பல ஆண்டு வருமானம் போகும். வாரிசோ, உண்மையான மேல் பிரபுவோ சான்சரியில் அந்த முடிவை மறுத்து வழக்காடலாம். ஆனால் மேனர் ஏற்கெனவே அரசர் கையில் இருக்கும். வழக்காடுகிறவர் வெளியே நிற்பார்.

காப்பில் இருக்கும்போது மேனருக்கு என்ன ஆகும்?

நல்ல காப்பாளரும் இருந்தார்கள். ஆனால் ஏற்பாடே சுரண்டலைத் தூண்டியது. 15 ஆண்டு கழித்துத் திருப்பித் தர வேண்டிய நிலத்துக்கு எரு போடவோ கூரை மாற்றவோ யாருக்கு மனம் வரும்? முதலில் போவது மரம்: காட்டை வெட்டி விற்பது ஒரே வாரத்தில் முடியும், மறுபடி வளர இரண்டு தலைமுறை. அடுத்து உழவு மாடுகள். பிறகு குடிகள்மேல் கூடுதல் வரி. கசக்கிப் பிழிந்தால் அவர்கள் ஓடிப்போவார்கள், வயல் தரிசாகும். மாக்னா கார்ட்டா நியாயமான விளைச்சல் மட்டுமே எடுக்கலாம் என்றது. வீடுகள், வேட்டைப் பூங்காக்கள், மீன்குளங்கள், ஆலைகளை நில வருமானத்திலிருந்தே பராமரிக்க வேண்டும், வயது வந்ததும் ஏரும் உழவுப் பொருள்களும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும் என்றது. 1278-இன் குளோஸ்டர் சட்டம் நிலத்தைப் பாழாக்கியவரிடம் நட்டஈடு வாங்க வழிசெய்தது. ஆனால் காட்டை வெட்டியவர் கையில் பணம் தீர்ந்த பிறகு நட்டஈட்டுத் தீர்ப்பால் மரம் முளைக்காது.

பிறப்புப் பதிவே இல்லாத காலத்தில் 21 வயது ஆகிவிட்டது என்று எப்படி நிரூபித்தார்கள்?

‘வயது நிரூபணம்’ என்ற தனி விசாரணை இருந்தது. வாரிசு பிறந்த ஊரில் 12 பேர் வந்து, எந்த நாளில் எந்தத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது, அது தங்களுக்கு எப்படி நினைவிருக்கிறது என்று சொல்வார்கள். அன்றுதான் என் மகனுக்கும் ஞானஸ்நானம்; அந்த வாரம் என் வீடு எரிந்தது; குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. படிக்கப் படிக்கச் சாதாரண மனிதர்களின் வாழ்க்கை கண்முன் விரியும். ஆனால் எச்சரிக்கை தேவை. ஒரே நினைவுகள் வெவ்வேறு ஊர் விசாரணைகளில் வரி மாறாமல் திரும்ப வருகின்றன. பிற்கால எழுத்தர்கள் வாய்ப்பாட்டைப் பார்த்து நிரப்பியிருக்கிறார்கள். பிறந்த நாளைக் கவனத்தோடு ஏற்கலாம், கதையை அப்படியே நம்பக் கூடாது.

மகன் இல்லை, மகள்கள் மட்டும் இருந்தால்?

மகன்களில் மூத்தவனுக்கே எல்லாம். மகள்கள் என்றால் எல்லோருக்கும் சம பங்கு. மூத்தவளுக்குத் தலைமை வீடு, மற்றவர்களுக்கு அதற்கு ஈடு. அரசருக்கு இது பெரிய வாய்ப்பு: பெண் வாரிசை யாருக்குக் கட்டிக்கொடுக்கிறாரோ அவர் கைக்கு மேனர்கள் போகும். குழந்தை ஒன்று உயிரோடு பிறந்துவிட்டால், மனைவி இறந்த பிறகும் கணவர் தன் ஆயுள்வரை அந்த நிலத்தை அனுபவிக்கலாம்.

இதற்கு மிகத் துல்லியமான உதாரணம் கிளேர் குடும்பம். குளோஸ்டர் ஏர்ல் கில்பர்ட் டி கிளேர் 1314 ஜூன் 24 அன்று ஸ்காட்லாந்தின் பானக்பர்ன் போரில் 23 வயதில், பிள்ளையில்லாமல் இறந்தார். எலியனர், மார்கரெட், எலிசபெத் என்று மூன்று சகோதரிகள். ஆனால் கில்பர்ட்டின் மனைவி மெட்டில்டா தான் கருவுற்றிருப்பதாகச் சொன்னார். பிறக்கும் குழந்தை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் என்பதால் பங்கீடு நின்றது. குழந்தை பிறக்கவேயில்லை, ஆனாலும் 1317 வரை இழுத்தது. இதற்கிடையே இரண்டாம் எட்வர்ட் விதவைகளாக இருந்த இளைய இருவரையும் தன் அபிமானிகளான ஹியூ ஆட்லிக்கும் ரோஜர் டமோரிக்கும் மணமுடித்தார். மூத்தவளின் கணவர் இளைய ஹியூ டெஸ்பென்சர் வேல்ஸின் கிளாமோர்கனைப் பெற்று, அதோடு நில்லாமல் ஆட்லியின் பங்கான நியூபோர்ட்டையும் வளைத்துக்கொண்டார். 1321-இல் வேல்ஸ் எல்லைப்புறப் பிரபுக்கள் ஆயுதம் ஏந்தி டெஸ்பென்சரின் நிலங்களைச் சூறையாடியதற்கு இந்தப் பேராசை பெரும் காரணம். அந்தக் கடைசிச் சகோதரி எலிசபெத்தின் கொடையால்தான் கேம்பிரிட்ஜில் கிளேர் கல்லூரி இன்றும் அந்தப் பெயரோடு நிற்கிறது.

விதவைக்கு என்ன கிடைக்கும்?

கணவரின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அவள் ஆயுள்வரை. கணவரின் வீட்டில் 40 நாள் தங்கலாம். அதற்குள் பங்கு பிரித்துத் தர வேண்டும். மறுமணத்துக்கு யாரும் அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆனால் அவளாக மணந்தால் அரசரின் அனுமதி வேண்டும். ஜான் காலத்தில் இந்த உரிமையும் விலைக்குப் போனது: 1214-இல் குளோஸ்டரின் இசபெல்லாவை மணக்க ஜெஃப்ரி டி மாண்டவில் 20,000 மார்க் தர ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

பலர் கவனிக்கத் தவறுவது, விதவை நீண்ட காலம் வாழ்ந்தால் வாரிசின் கதி. இரண்டு தலைமுறை விதவைகள் ஒரே சமயத்தில் உயிரோடு இருந்தால் பேரன் கையில் பாதிக்கும் குறைவான மேனரே மிஞ்சும்.

யாருக்கு வாரிசுரிமை கிடையாது?

திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு இல்லை, பெற்றோர் பின்னர் மணந்துகொண்டாலும்கூட. திருச்சபைச் சட்டம் அந்தப் பிள்ளையை ஏற்றது. 1236-இல் மெர்ட்டனில் கூடிய பாரன்கள் இங்கிலாந்தின் சட்டத்தை மாற்ற விரும்பவில்லை என்று மறுத்துவிட்டார்கள். மகனின் நிலம் தந்தைக்கு ஏறிப் போகாது. மகனுக்குப் பிள்ளையோ உடன்பிறந்தாரோ இல்லையென்றால் சித்தப்பாவுக்குப் போகும், தந்தைக்குப் போகாது. ஒரே தந்தைக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்த அரை இரத்த உறவும் விலக்கப்பட்டது. பின்னிரண்டு விதிகளும் 1833 வரை நீடித்தன.

இளைய மகனுக்கு ஏதாவது தர உயில் எழுத முடியாதா?

ஆடுமாடு, தானியம், பணத்தை உயிலில் எழுதலாம். நிலத்தை எழுத முடியாது. லண்டன் போன்ற சில நகரங்களின் வழக்கம் மட்டுமே விலக்கு. ஆகவே உயிரோடிருக்கும்போதே ஏற்பாடு செய்தார்கள். மேனரை நண்பர்கள் சிலரின் பெயரில் எழுதிவைத்து, ‘என் ஆயுள்வரை எனக்காகவும், பிறகு நான் சொல்பவருக்காகவும் வைத்திருங்கள்’ என்று சொல்வது ‘யூஸ்’ என்ற முறை. சட்டப்படி நிலம் நண்பர்களுடையது. ஐந்தாறு பேர் என்றால் எல்லோரும் ஒரே நாளில் சாக மாட்டார்கள். ஒருவர் இறந்தால் மற்றவர் பெயரில் தொடரும், காலியிடத்தில் புதியவரைச் சேர்க்கலாம். வாரிசு சிறு பிள்ளையானாலும் காப்புக்கு இடமில்லை. ஆபத்து ஒன்றுதான்: நண்பர்கள் நம்பிக்கைத் துரோகம் செய்தால் பொதுச் சட்ட நீதிமன்றம் உதவாது, சான்சரியிடம் முறையிட வேண்டும்.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்து எழுதுவது இன்னொரு வழி. கணவர் இறந்தால் மனைவி உயிரோடிருக்கும்வரை முழு மேனரும் அவளுடையது. வருமானம் கசிவதைக் கண்ட எட்டாம் ஹென்றி 1536-இல் யூஸ் முறையைச் சட்டத்தால் மடக்கினார். எதிர்ப்பு பலமாகவே, 1540-இல் நைட் சேவை நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை உயில் எழுத அனுமதித்து, மிச்ச ஒரு பங்கில் தன் பிடியை வைத்துக்கொண்டார்.

மேனரை விற்கலாமா?

1290-இன் குவியா எம்ப்டோரஸ் சட்டத்துக்குப் பிறகு கீழ் மானியதாரர் தாராளமாக விற்கலாம். வாங்குபவர் விற்றவரின் இடத்தில் வந்து நிற்பார், ஏணியில் புதுப் படி உருவாகாது. நேரடி மானியதாரருக்கு அரசரின் உரிமம் தேவை. உரிமமில்லாமல் விற்றால் நிலம் பறிபோகாது, அபராதம் கட்டினால் போதும் என்று 1327-இல் இளகியது. மடத்துக்குக் கொடுப்பது தனிச் சிக்கல்: மடம் சாவதில்லை, ஆகவே ரிலீஃபும் இல்லை, காப்பும் இல்லை. 1279-இன் சட்டம் அதைத் தடுத்தது. பிறகு, அரசருக்கு என்ன நட்டம் என்று விசாரித்து உரிமம் விற்றார்கள்.

எல்லா ஊரிலும் மூத்த மகன்தானா?

இல்லை. கென்ட்டின் கேவல்கைண்ட் வழக்கத்தில் மகன்கள் எல்லோருக்கும் சம பங்கு, 15 வயதில் நிலம் கைக்கு வரும், விதவைக்கு மறுமணம் செய்யாதவரை பாதி. தந்தை கொலைக் குற்றத்துக்குத் தூக்கிலிடப்பட்டாலும் மகனுக்கு நிலம் போகும். மற்ற இடங்களில் அப்படிப்பட்ட குற்றவாளியின் நிலத்தை அரசர் ஓராண்டும் ஒரு நாளும் வைத்திருப்பார், பிறகு அது மேல் பிரபுவுக்கு. ராஜத்துரோகம் என்றால் முழுவதும் அரசருக்கு. சில நகரங்களிலும் மேனர்களிலும் கடைசி மகனுக்கே வீடும் நிலமும்.

மேனருக்குள் இருந்த வில்லன் குடிகளின் வாரிசுரிமை அரச நீதிமன்றத்துக்கு வரவே வராது. மேனர் வழக்கம்தான் சட்டம். குடி இறந்தால் வீட்டின் சிறந்த மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவார், வாரிசு நுழைவுப் பணம் கட்டி, நீதிமன்றச் சுருளில் பெயர் பதிவார். அந்தப் பதிவின் நகலே பின்னாளில் உரிமைப் பத்திரமாயிற்று.

விசாரணை ஏடுகளை இன்று படிப்பவர் எதில் ஏமாறக்கூடும்?

மூன்றில். ‘30-உம் மேலும்’ என்ற வயது ஒரு தோராயம். வாரிசு சிறுவனல்ல என்பதற்கு மேல் அதில் தகவல் தேடாதீர்கள். மதிப்பு பெரும்பாலும் குறைத்தே சொல்லப்பட்டது, ஏனென்றால் ஜூரிகள் வாரிசின் அண்டை வீட்டார், சில சமயம் அவர் நிலத்துக் குடிகள். மேனர் கணக்கு கிடைத்தால் அதோடு ஒப்பிடுங்கள். மூன்றாவதாக, ‘நிலம் எதுவும் இல்லை’ என்றொரு ஏடு வந்தால் அவர் ஏழை என்று முடிவுகட்டாதீர்கள். எல்லாவற்றையும் நண்பர்கள் பெயரில் எழுதிவைத்த பெரும் செல்வராக இருக்கலாம்.

இந்த ஏற்பாடு எப்போது ஒழிந்தது?

1540-இல் காப்புகளை நடத்தவே ஒரு தனி நீதிமன்றம் அமைந்தது. நைட் சேவை போர்க்களத்தில் மறைந்து வெகுகாலம் ஆன பிறகும் அதன் பெயரால் பிள்ளைகள் விற்கப்பட்டார்கள். உள்நாட்டுப் போரின்போது, 1646-இல், நாடாளுமன்றம் அதை ஒழித்தது. முடியாட்சி திரும்பியதும் 1660-இல் ஒரு சட்டம் அதை உறுதிசெய்து, நைட் சேவை நிலங்களை எல்லாம் சாக்கேஜ் ஆக்கியது. அரசர் இழந்த வருமானத்துக்கு ஈடாக பீர் முதலிய பானங்கள்மேல் நிரந்தரக் கலால் வரி வந்தது. மேனர் வைத்திருந்தவர்களுக்கு விடுதலை. அதற்கான விலையைக் கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு ஏக்கர் நிலமும் இல்லை.